தேய்க்காத வெள்ளி

1892-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பணம் திரட்ட, கொலம்பஸின் முகம் பதித்த வெள்ளி அரை டாலரை அமெரிக்க நாணயசாலை அச்சிட்டது. 50 சென்ட் காசின் விலை ஒரு டாலர்! இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் காசுகள் அச்சாயின. விற்காமல் தேங்கியவற்றில் பெரும்பகுதியை உருக்கினார்கள். மிச்சம் சில்லறையோடு சில்லறையாகக் கைமாறித் தேய்ந்தது. அதனால் கொலம்பஸ் காசு இன்றும் எளிதில் கிடைக்கும். அச்சிலிருந்து விழுந்த அன்றைய மேனியோடு கிடைப்பதுதான் அரிது.

இப்படி நினைவுக்காக வெளியிட்ட காசுகளின் வரிசை 1954 வரை நீண்டது. கேப்டன் குக் ஹவாயில் இறங்கியதன் 150-ஆம் ஆண்டுக்காக 1928-ல் வந்த காசில் சுமார் பத்தாயிரம்தான் அச்சானது. அதைத் தேடாத சேகரிப்பாளர் இல்லை.

தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது ஒளியை. நல்ல காசை விளக்கடியில் மெல்லச் சாய்த்தால், இரண்டு ஒளிக்கீற்றுகள் நடுவைச் சுற்றி ஓடும். அச்சின் அழுத்தத்தில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அந்த நகர்வு விட்டுச்சென்ற நுண்கோடுகளே இப்படி ஒளிர்கின்றன. விரல் படப் பட அவை மழுங்கும். மழுங்கினால் மீட்க வழியே இல்லை.

அடுத்தது நிறம். பல காசுகள் அட்டை உறைகளில் வைத்து விற்கப்பட்டன. அட்டையிலும் காற்றிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து, வெள்ளி சல்பைடு என்ற மெல்லிய படலமாகிறது. படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், அடியிலுள்ள வெள்ளியில் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது, சோப்புக் குமிழியில் போலவே, சில நிறங்கள் அடங்கிச் சில எழுகின்றன. படலம் தடிக்கத் தடிக்க முதலில் மஞ்சள், பிறகு செவ்வூதா, பிறகு நீலம், முடிவில் கறுப்பு. அட்டையின் பட்டை காசை மறைத்திருந்த இடம் மட்டும் வெளுப்பாகவே நிற்கும். அந்தக் காசு எந்த உறையில் உறங்கியது என்பதற்கு அதுவே சாட்சி. எனக்கு, பளிச்சென்ற வெள்ளைக் காசைவிட இதுதான் அழகு.

இந்தப் படலத்தை அழுக்கு என்று நினைத்துத் துடைப்பவர்கள் உண்டு. படலத்தில் இருப்பதோ காசின் சொந்த வெள்ளி. அதை நீக்கினால் காசின் தோலே போகிறது, நுண்கோடுகளும் கூடவே போகின்றன. 70 புள்ளி வரையான தர அளவுகோலில் 60-உம் அதற்கு மேலும்தான் புழக்கம் படாத காசு. உச்சியில் ஓரிரு புள்ளி கூடினாலே விலை பல மடங்கு ஏறுவதுண்டு. தேய்த்த காசுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேயுங்கள். பழைய வெள்ளிக் காசு கையில் கிடைத்தால் மட்டும் விளிம்பைப் பிடித்துப் பாருங்கள், தேய்க்காமல் வையுங்கள்.