குலக்கோழியும் பொறிக்குஞ்சும்

வீட்டுக்கோழிகளுள் இருவகைக் குடிப்பிறப்பு உண்டு. ஒன்று, கொண்டையும் காலும் இறகும் இன்னவாறு இருத்தல் வேண்டுமென வகுத்த இலக்கணத்துக்கமையத் தலைமுறை தலைமுறையாகப் பேணப்படுவது. மற்றையது, இத்தனை முட்டை, இத்தனை கிலோ இறைச்சி என்னும் கணக்குக்கமையப் பொரிப்பு நிலையங்களிலிருந்து வருவது. முன்னது குலக்கோழி எனவும் பின்னது பொறிக்குஞ்சு எனவும் ஈண்டு வழங்கப்படும். நாவற்குடாவின் மணல் வளவுகளில் மேயும் ஊர்க்கோழி இவ்விரண்டனுள் எதனையுஞ் சாராதது. அதன் நிலை பின்னர்க் கூறப்படும்.

கோழி ஆராய்ச்சி கல்லூரி மலருக்கு ஏற்ற பொருளோ என ஐயுறுவார் உளராயின், பட்டாணிச் செடியில் மெண்டல் கண்ட விதிகள் விலங்குகட்கும் பொருந்தும் என்பதை 1902 இல் பேற்சன் என்னும் ஆங்கில அறிஞர் கோழிக்கொண்டையைக் கொண்டே நிறுவினார் என்பதை அவர்கள் நினைவுகூர்தல் தகும்.

சேவலைக் குலமறிந்து பேணுதல் தமிழர்க்குப் புதிதன்று. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திலே, போரிட்ட சேவல் ஒன்றுக்கு எழுத்துப் பொறித்து எடுத்த நடுகல் உண்டு. ஏறக்குறைய ஐந்தாம் நூற்றாண்டினது என்பர். சண்டைச் சேவல் வளர்ப்போர் அதன் நிறங்களைக் காகம், கீரி, வல்லூறு, மயில் எனப் பெயரிட்டு வகுத்தனர். அண்மைக் காலத்திலே திண்டுக்கற் பகுதியிற் கிளிமூக்கு விசிறிவாற் சேவல்களுக்கெனவே கண்காட்சிகள் நடைபெறுகின்றன. அங்குச் சேவல்கள் போரிடுவதில்லை. அலகின் வளைவும் வாலின் அமைப்பும் உடற்கட்டும் நோக்கியே பரிசு அளிக்கப்படுகின்றது.

இங்கிலாந்தில் இத்தகைய இலக்கணம் 1865 இல் நூல்வடிவு பெற்றது. அமெரிக்காவில் 1874 இல். லெக்கோண் இனத்து ஒற்றைக் கொண்டைக்குப் பல் ஐந்து என்பது அமெரிக்க நூலின் விதி. ஐந்தாம் பல்லினால் ஒரு முட்டையேனும் மிகுமோ எனின், மிகாது. ஆயினும் இவ்விதிகளால் விளைந்த பயன் பெரிது: குலக்கோழி தன்னையொத்த குஞ்சையே ஈனும். பேரனைப் பார்த்துப் பாட்டனை அறியலாம். அழகொன்றையே நோக்கி நெருங்கிய உறவினுள் இணைத்தமையாற் சில குலங்கள் முட்டை குன்றி மெலிந்தமையும் மறைத்தற்குரியதன்று.

பொறிக்குஞ்சின் வரலாறு வேறு. 1879 இல் கலிபோர்னியாவின் பெற்றலூமா நகரில் லைமன் பைஸ் என்பார் அடைகாக்கும் பொறியொன்றைச் செப்பஞ்செய்தார். பொரித்த குஞ்சு, தான் உள்வாங்கிய மஞ்சட்கருவினால் இரண்டு மூன்று நாள் இரையின்றி உயிர்தரிக்கும். ஆதலின் குஞ்சுகளைப் பெட்டியிலிட்டுப் புகைவண்டியில் அனுப்புதல் இயல்வதாயிற்று. நிலையங்கள் பழைய குலப்பெயர்களையே வழங்கின. ஆயின் கூட்டங்கூட்டமாக இணைத்து, முட்டைத் தொகையையே நோக்கித் தெரிந்தன. குலத்திற் பிறந்த றோட் ஐலன்ட் சிவப்புக் கோழி கருமை தோய்ந்த செந்நிறமும் செங்கல் போன்ற நீண்ட உடலும் உடையது. அப்பெயரால் வாங்கிய நிலையக் குஞ்சோ பெரும்பாலும் வெளிறிய நிறமும் சிறிய உடலும் உடையதாய் வளரும். இதனை வஞ்சனை என்றல் பொருந்தாது. நிலையம் தேடிய பண்பு வேறு.

இன்றைய நிலையக் குஞ்சுகளுட் பல, குலப்பெயரும் இல்லாத கலப்பினங்கள். கபிலநிற முட்டைக்கோழியை நோக்குக. அதன் குஞ்சுகளுட் சேவல் வெளிர்நிறமாகவும் பேடு கபிலநிறமாகவும் பொரிக்குமாறு பெற்றோர் தெரிந்து இணைக்கப்படுகின்றனர். அக்கலப்புப் பேட்டுக்கு அதே கலப்பின் சேவலை இணைப்பின், அடுத்த தலைமுறையில் அவ்வேறுபாடு சிதைந்துவிடும். முட்டைத் தொகையும் ஒருபடித்தாய் இராது. ஆண்டுக்கு முந்நூறு முட்டை என்னும் சிறப்பு அப்பேட்டின் சொத்தேயன்றி அதன் மகளுக்குச் சீதனமாகாது.

ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ நிறை பெறும் இறைச்சிக்கோழியின் முன்னோருள் ஒன்று கோணிஷ் என்னும் குலம். நம் துணைக்கண்டத்து அசில் சண்டைக்கோழியின் இரத்தம் அதனுட் கலந்தது. அதுபற்றியே ஆங்கிலேயர் அதனை இந்தியச் சண்டைக்கோழி என அழைத்தனர். 1948 இல் அமெரிக்காவில் நடந்த ‘நாளைய கோழி’ப் போட்டியிற் பரிசு பெற்றதும் கோணிஷ் கலப்பே. எனவே குலக்கோழிகள் அழியின் பொறிக்குஞ்சுக்கு வேரில்லை.

இனி ஊர்க்கோழி. அதற்கு எழுதிய இலக்கணம் இல்லை. ஒரே வளவில் மொட்டைக்கழுத்தும் புள்ளியும் கருமையும் ஒருங்கு மேயும். ஆண்டுக்கு நூறு முட்டையும் இடாது. ஆயின் பன்னிரண்டு முட்டை சேர்ந்தால் அடைகிடக்கும்; இருபத்தொரு நாளிற் பொரிக்கும்; பருந்து நிழல் கண்டு குஞ்சைச் சிறகிற் கூட்டும். அடைகிடக்கும் பேடு முட்டையிடாதாகையால் நிலையத்தார் அவ்வியல்பையே தெரிந்து நீக்கினர். நிலையப் பேட்டை வாங்கியவர் அது முதிர்ந்தபின் மீண்டும் நிலையத்துக்கே செல்லல் வேண்டும். இலங்கை நிலையங்களோ தாய்க்கோழிகளைப் பிறநாட்டிலிருந்து பெறுவன. 2022 இன் அந்நியச் செலாவணி நெருக்கடியிலே தாய்க்கோழியும் தீவனமும் அருகின. 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டையே இறக்குமதியாயிற்று.

முட்டை விற்றுக் குடும்பம் நடத்தும் நாவற்குடாப் பெண்ணொருத்தி கபிலநிறக் கோழியை வளர்த்தல் தவறன்று. வருவாய் அதனால் மிகும். அதன் சேவலை ஊர்ப்பேடுகளோடு விடாமை மட்டும் வேண்டும். கலப்பு மிக மிக அடைகிடக்கும் பேடுகள் அருகும். நான்கு ஊர்ப்பேடும் ஓர் ஊர்ச்சேவலும் வேறு வேலிக்குள் இருக்குமாயின், அடுத்த ஆண்டின் குஞ்சு அவ்வளவிலேயே பொரிக்கும்.