ஒன்பது பேருக்கு ஒரு விமானம், மூவாயிரம் பேருக்கு ஒரு தீவு

கரீபியக் கடலின் வடகிழக்கு ஓரத்தில், சின்ட் மார்ட்டன் தீவுக்குத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் சின்ட் யூஸ்டேஷியஸ் என்ற தீவு இருக்கிறது. அங்குள்ளவர்கள் சுருக்கமாக ஸ்டேஷியா என்பார்கள். பரப்பு 21 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம். ஆட்சி நெதர்லாந்தினுடையது, புழங்கும் பணம் அமெரிக்க டாலர். அடுக்குமாடி விடுதிகளின் வரிசை இங்கே கிடையாது. இருப்பவை ஓர் உறங்கும் எரிமலை, ஒரு பழைய கோட்டை, கடலோரத்தில் இடிந்து நிற்கும் கிடங்குச் சுவர்கள், நிறைய அமைதி.

இந்தத் தீவுக்குப் படகிலும் போகலாம், அட்டவணைப்படி பறக்கும் சிறு விமானத்திலும் போகலாம். ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் ஒரு முழு விமானத்தையே வாடகைக்கு அமர்த்திக்கொண்டும் போகலாம். கரீபியத் தீவுகளில் இப்படி வாடகைக்குக் கிடைக்கும் விமானங்களில் நெடுநாளாகப் பேர்போனது பிரிட்டன்-நார்மன் ஐலாண்டர். அறுபது ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட வடிவம் இன்றும் தீவுகளுக்கிடையே பறந்துகொண்டிருக்கிறது. பெரிய விமானம் செய்ய முடியாத ஒரு வேலையை அது எப்படிச் செய்கிறது என்று பார்ப்போம்.

குறுந்தொலைவுக்கென்றே பிறந்தது

ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன் இருவரும் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த வைட் தீவில் தொழில் நடத்தியவர்கள். வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானக் கருவிகளைச் செய்து வந்தார்கள். ஆப்பிரிக்காவின் கேமரூனில் இயங்கிய ஒரு விமானப் போக்குவரத்து நிறுவனத்திலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. ஊருக்கு ஊர் சிறு தொலைவு, கரடுமுரடான ஓடுபாதை, பழுதுபார்க்க வசதியில்லாத இடம். இந்த மூன்றுக்கும் பொருந்தி, விலையும் குறைவாக உள்ள விமானம் சந்தையில் இல்லை என்பதை அங்கே கண்டுகொண்டார்கள். தாங்களே ஒன்றைச் செய்வதென்று இறங்கினார்கள்.

1965 ஜூன் 13 அன்று முதல் ஐலாண்டர் வைட் தீவின் பெம்பிரிட்ஜில் வானேறியது. சில நாட்களிலேயே பாரிஸ் விமானக் கண்காட்சிக்குப் பறந்து போனது. முதலில் பொருத்திய எஞ்சின்களுக்கு வலு போதவில்லை. ஆகவே தலா 260 குதிரைத்திறன் கொண்ட இரண்டு லைகாமிங் பிஸ்டன் எஞ்சின்களை வைத்து, இறக்கையையும் நீட்டினார்கள். 1967-இல் விற்பனை தொடங்கியது. இதுவரை ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட ஐலாண்டர்கள் செய்யப்பட்டிருக்கின்றன. அவற்றில் கணிசமானவை ருமேனியாவில் உருவானவை.

மெதுவாகப் பறப்பதே அதன் திறமை

விமானத்தைத் தூக்குவது இறக்கையின் மேல் பாயும் காற்று. இறக்கையின் பரப்பு கூடினால் தூக்குவிசை கூடும். வேகம் இரட்டித்தால் தூக்குவிசை நான்கு மடங்காகும். ஆகவே கனமான விமானம் சிறிய இறக்கையோடு பறக்க வேண்டுமானால் வேகமாகத்தான் போயாக வேண்டும். வேகமாக வந்து இறங்குகிற விமானத்துக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும்.

ஐலாண்டரின் முழு எடை அதிகபட்சம் 2,994 கிலோ. இறக்கையின் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர். அதாவது ஒரு சதுர மீட்டர் இறக்கை ஏறக்குறைய 100 கிலோவைச் சுமக்கிறது. நாம் உள்நாட்டுப் பயணங்களில் ஏறும் போயிங் 737-800 விமானத்தில் அதே ஒரு சதுர மீட்டர் 600 கிலோவுக்கும் மேல் சுமக்கிறது. இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்றதெல்லாம் பிறக்கிறது. போயிங் தரையிறங்க வரும்போது மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் வரும். ஐலாண்டருக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. இறக்கையின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப் பலகைகளை முழுதும் இறக்கிவிட்டால், மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்திலும் அது காற்றில் நிற்கும். முழுச் சுமையோடு கிளம்பினாலும், ஓடத் தொடங்கிய இடத்திலிருந்து ஏறக்குறைய 370 மீட்டருக்குள் 15 மீட்டர் உயரத்தை எட்டிவிடும்.

இறக்கையின் வடிவத்தைப் பாருங்கள். பெரிய விமானங்களின் இறக்கை நுனி நோக்கிக் குறுகிப்போகும். ஐலாண்டரின் இறக்கை ஒரு நீண்ட பலகை. அடியிலும் நுனியிலும் ஒரே அகலம். உள்ளே வரும் விலா எலும்புகளை ஒரே அச்சில் செய்துவிடலாம் என்பதால் செலவு குறைவு. பாதுகாப்பிலும் இதற்கு ஒரு நன்மை உண்டு. வேகம் மிகவும் குறைந்து தூக்குவிசை முறியும்போது, இத்தகைய இறக்கையில் அது உடலை ஒட்டிய பகுதியில் முதலில் முறியும். பக்கவாட்டுச் சமநிலையைக் காக்கும் அய்லரான் பலகைகள் நுனிப்பக்கம் இருக்கின்றன. அங்கே தூக்குவிசை இன்னும் மிஞ்சியிருப்பதால், விமானி நிலைமையைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கிறது.

சக்கரங்களும் உள்ளே மடங்குவதில்லை. வெளியே தொங்கும் சக்கரம் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்குமே என்று தோன்றும். கணக்குப் போட்டால் விடை கிடைக்கும். 60 கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 15 நிமிடம். சக்கரத்தை மடித்து 280 ஆக்கினால் மிச்சமாவது இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காகச் சக்கரத்தை மடக்கும் பொறியமைப்பு, அதன் எடை, அதைப் பராமரிக்கும் செலவு, என்றாவது அது இறங்க மறுக்கும் ஆபத்து அத்தனையையும் சுமக்க வேண்டும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊரில், உறுப்பு குறையக் குறைய விமானத்துக்கு ஆயுள் கூடும். தேவையில்லாததை விலக்கிய இந்தத் தெளிவுதான் ஐலாண்டரின் பொறியியல் அழகு.

அதற்குக் குறைகளும் உண்டு. எஞ்சின் சத்தம் காதை அடைக்கும். எரிபொருளாக அது குடிக்கும் ஏவ்கேஸ் பெட்ரோலில் இன்றும் ஈயம் கலந்திருக்கிறது. உலகம் முழுவதும் அதற்கு மாற்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் எடைத்தட்டு, பிறகு இருக்கை

இந்த விமானத்தில் ஏறப்போகிறவரை முதலில் எடைத்தட்டில் நிறுத்துவார்கள். பையை மட்டுமல்ல, ஆளையும் நிறுப்பார்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. காலி விமானத்தின் எடையைக் கழித்தால், ஆட்கள், சாமான், எரிபொருள் மூன்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது சுமார் 1,100 கிலோ. விமானியும் ஒன்பது பயணிகளும் ஆளுக்கு 80 கிலோ என்றால் அதிலேயே 800 போய்விடும். மீதி 300 கிலோவில் எரிபொருளும் பெட்டிகளும் அடங்க வேண்டும். நூறு பேர் ஏறும் விமானத்தில் ஒருவர் பத்துக் கிலோ கூடுதலாகக் கொண்டுவந்தால் தெரியாது, இங்கே தெரியும்.

மொத்த எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. எடை எங்கே குவிகிறது என்பதும் முக்கியம். பின்பக்கம் கனத்தால் மூக்கு மேலே தூக்கும்; கட்டுப்படுத்துவது கடினமாகும். அதனால்தான் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை விமானி முடிவு செய்கிறார். உள்ளே நடைவழி கிடையாது. பக்கக் கதவுகளைத் திறந்து, காரில் ஏறுவதுபோல் அவரவர் வரிசைக்கு நேராக ஏறி அமர வேண்டியதுதான். ஒருவருக்கு விமானியின் பக்கத்து இருக்கையே கிடைக்கும். அங்கே அமர்பவர், விமானி செய்யும் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

வாடகை விமானத்தில் கட்டணம் இருக்கைக்கு அல்ல, விமானத்துக்கு. ஒருவர் போனாலும் ஒன்பது பேர் போனாலும் தொகை பெரும்பாலும் ஒன்றே. விமானம் திரும்பிப் போகும் வெற்றுப் பயணத்தின் செலவும் அதில் அடங்கியிருக்கும். எனவே தனியாளுக்கு இது ஆடம்பரம். ஒன்பது பேர் கொண்ட குடும்பத்துக்கு அப்படியல்ல. அட்டவணை விமானச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க செலவு.

கப்பலைக் கொண்டுவந்த காற்று

பயணம் தொடங்கும் சின்ட் மார்ட்டனின் விமான நிலையம், கடற்கரையில் நிற்பவர்களின் தலைக்கு மேல் பெரிய ஜெட்டுகள் உரசிக்கொண்டு இறங்குவதற்குப் பேர்போனது. அதே ஓடுபாதையின் ஒரு சிறு பகுதியிலேயே ஐலாண்டர் எழும்பிவிடும். அதற்குத் துணை வருவது கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று. கரீபியத் தீவுகளின் ஓடுபாதைகள் பெரும்பாலும் இந்தக் காற்றை எதிர்நோக்கி அமைந்தவை. மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், விமானம் தரையில் ஓட வேண்டிய வேகத்தில் அந்த 35 குறையும். ஓட வேண்டிய தொலைவு பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

தெற்கே திரும்பியதும் வலப்பக்கம் சாபா தெரியும். கடலிலிருந்து செங்குத்தாக எழும் மலைத்தீவு அது. அங்குள்ள ஓடுபாதையின் நீளம் சுமார் 400 மீட்டர். பயணிகள் விமானம் இறங்கும் ஓடுபாதைகளில் உலகிலேயே மிகக் குறுகியது அதுதான் என்பார்கள். நேரே எதிரே ஸ்டேஷியா. தெற்கு முனையில் குவில் எரிமலை 600 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் வாய்க்குள் மழைக்காடு செழித்திருக்கிறது. வடக்கே குன்றுகள். இரண்டுக்கும் நடுவிலுள்ள சமவெளியில் சுமார் 1,300 மீட்டர் ஓடுபாதை. விமான நிலையத்துக்கு அமெரிக்க அதிபர் ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட்டின் பெயர். அதற்குக் காரணம் 1776-இல் இருக்கிறது.

ஓடுபாதைக்குக் காற்று தரும் உதவியை, ஒரு காலத்தில் அதே காற்று துறைமுகத்துக்குத் தந்தது. ஐரோப்பாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பாய்மரக் கப்பல்களை அது இந்தத் தீவுகளுக்குத் தள்ளிவந்தது. 1756-இல் டச்சுக்காரர்கள் ஸ்டேஷியாவைச் சுங்கமில்லாத துறைமுகமாக்கினார்கள். கரையோரம் நூற்றுக்கணக்கான கிடங்குகள் எழுந்தன. 1779-இல் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் வந்துபோயின. சர்க்கரையும் துணியும் வெடிமருந்தும் கைமாறிய அதே துறைமுகத்தில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களும் விற்கப்பட்டார்கள். அந்தச் செல்வத்தின் அடியில் இந்தக் கொடுமை இருந்தது.

1776 நவம்பர் 16 அன்று, விடுதலைப் போரில் இருந்த அமெரிக்கர்களின் கொடியோடு ஆண்ட்ரூ டோரியா என்ற கப்பல் வந்து மரியாதைக் குண்டு முழங்கியது. ஆளுநர் யோஹான்னெஸ் டி க்ராஃபின் உத்தரவின்படி ஒராஞ்சே கோட்டையிலிருந்து பதில் குண்டுகள் முழங்கின. புதிய நாட்டுக்கு அயலார் செய்த முதல் மரியாதைகளில் ஒன்றாக இதை அமெரிக்கர்கள் நினைக்கிறார்கள். ரூஸ்வெல்ட் 1939-இல் கோட்டைக்கு ஒரு நினைவுப் பலகை வழங்கினார். பிரிட்டனுக்கோ அந்தப் பதில் மரியாதை பொறுக்கவில்லை. 1781 பிப்ரவரி 3 அன்று கடற்படைத் தளபதி ராட்னி தீவைப் பிடித்துக் கிடங்குகளைச் சூறையாடினார். யூத வணிகர்களின் உடைமைகளைப் பறித்து, பலரை நாடுகடத்தினார். அவர்கள் 1739-இல் கட்டிய ஹோனென் டாலிம் தொழுகைக்கூடத்தின் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. நூற்றாண்டு முடிவதற்குள் வணிகம் விலகிப்போனது. மக்கள் தொகை சரிந்தது. வளர்ச்சி வேறு இடங்களுக்குப் போய்விட்டதால்தான் பழைய சுவர்கள் இங்கே பிழைத்தன.

ஓடுபாதையின் அருகே ஒரு புதைநிலம்

விமானத்தின் அளவு ஒரு தீவுக்கு ஏன் முக்கியம் என்பதை 2021-இல் ஸ்டேஷியாவே காட்டியது. விமான நிலைய விரிவாக்கத்துக்கு மண் எடுப்பதற்கு முன், அருகிலிருந்த பழைய கோல்டன் ராக் தோட்டத்தில் தொல்லியல் அகழாய்வு நடந்தது. மண்ணுக்கடியில் 18-ஆம் நூற்றாண்டின் புதைநிலம் ஒன்று வெளிப்பட்டது. அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் பல கிடைத்தன, குழந்தைகளுடையவையும் இருந்தன. எங்கள் முன்னோரை எங்களைக் கேட்காமல் தோண்டுவதா என்று தீவு மக்கள் எதிர்த்தார்கள். தோண்டும் வேலை நிறுத்தப்பட்டது.

21 சதுர கிலோமீட்டர் தீவில் வெற்றிடம் என்று ஒன்று கிடையாது. ஓடுபாதை நீள வேண்டுமானால் வயலோ, கடற்கரையோ, முன்னோரின் கல்லறையோ இடம்விட வேண்டியிருக்கும். சிறிய தூரத்தில் எழுந்து சிறிய தூரத்தில் நின்றுவிடும் விமானம் தீவிடமிருந்து குறைவாகவே நிலம் கேட்கிறது. ஒரு தடவைக்கு ஒன்பது பேரை மட்டுமே கொண்டுவருவதும் தீவுக்கு நன்மைதான். அந்த ஒன்பது பேரை ஊரால் தாங்க முடியும், பெயர் சொல்லி வரவேற்கவும் முடியும்.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்குச் சில சொற்கள். விமானத்தை அமர்த்தும் முன், வணிகப் பயணத்துக்கான இயக்குநர் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். விலை குறைவு என்று உரிமமில்லாதவரிடம் போகாதீர்கள். உங்கள் எடையையும் சாமான் எடையையும் குறைத்துச் சொல்லாதீர்கள். விமானியின் கணக்கு அதன்மேல்தான் நிற்கிறது. கடினப் பெட்டிக்குப் பதில் துணிப்பை எடுத்துச் செல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் பயணம் வையுங்கள். ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம் என்பதை நினைவில் வையுங்கள். காற்று சரியில்லை, இன்று வேண்டாம் என்று விமானி சொன்னால், அதைத் தொழில் தெரிந்தவரின் சொல்லாக ஏற்றுக்கொள்ளுங்கள். தீவில் இறங்கியதும் கோட்டையோடு நின்றுவிடாமல் கோல்டன் ராக் பகுதியின் கதையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டேஷியாவின் வரலாறு ஆளுநர்களாலும் தளபதிகளாலும் மட்டும் ஆனதல்ல. அந்த மண்ணில் பெயர் தெரியாமல் புதைந்தவர்களுடையதும்கூட.