காலணி சொல்லும் வரலாறு

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி வழியாகக் காஞ்சிபுரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை அமைந்துள்ளது. அங்குள்ள காலணி வடிவமைப்பு மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தில் மாணவர்கள் காலணி உருவாக்கத்தைப் பாடமாகப் பயில்கின்றனர். நாள்தோறும் வாசலில் கழற்றிவிட்டு மறந்துபோகும் ஒரு பொருளில் கற்பதற்கு என்ன இருக்கிறது? காலணிகளுக்கென்றே அமைந்த அருங்காட்சியகம் ஒன்று இவ்வினாவிற்கு விடை தருகிறது.

அணிந்தவரின் கதை

கனடா நாட்டின் டொராண்டோ நகரில் பாட்டா காலணி அருங்காட்சியகம் 1995ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. சோன்யா பாட்டா என்னும் பெண்மணி 1940களிலிருந்து உலகெங்கும் திரட்டிய காலணிகளே இதற்கு அடித்தளம். கட்டடக் கலைஞர் ரேமண்ட் மோரியாமா இதனை ஒரு காலணிப்பெட்டியின் தோற்றத்தில் வடிவமைத்தார். 4,500 ஆண்டுக்கால வரலாற்றைக் காட்டும் 13,000க்கும் மேற்பட்ட பொருள்கள் இங்குப் பாதுகாக்கப்படுகின்றன.

இங்குள்ள ஒவ்வொரு காலணியும் அதனை அணிந்தவரின் வாழ்வைச் சொல்கிறது. பிரான்சு நாட்டில் செஸ்ட்நட் என்னும் கொட்டையின் ஓட்டை மிதித்து உடைப்பதற்காக, அடியில் இரும்பு முட்கள் பொருத்திய காலணியை அணிந்தனர். அஃது உழைப்பின் சான்று. சீனாவின் சின்னஞ்சிறு பட்டுக் காலணிகள் கண்ணைக் கவர்வன. அவற்றுள் பாதம் அடங்குவதற்காகச் சிறுமியரின் கால்விரல்கள் மடக்கிக் கட்டப்பட்டன என்பதை அறிந்ததும், அழகு மறைந்து வலியே தெரிகிறது. இந்தியப் பாதுகைக்கு வார் இல்லை. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே பற்றிக்கொள்ளும் குமிழே அதனைக் காலில் நிறுத்துகிறது. தோலை விலக்கிய துறவியர்க்கு மரப்பாதுகை ஏற்றதாயிற்று.

தமிழரின் தொடுதோல்

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலும் காலணி இடம்பெறுகிறது. 'தொடுதோல்' என்பது அணியும் தோல் எனப் பொருள்படும் வினைத்தொகை. 'அடிபுதை அரணம்' என்பது பாதத்தை மறைத்துக் காக்கும் அரண். தொடுதோல் அழுந்தியதால் ஆயனின் காலில் பதிந்த வடுவையும் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டுகிறார். காடும் மேடும் நடந்தோர்க்குக் காலணி அணிகலன் அன்று, காவல்.

மறுக்கப்பட்ட உரிமை

அம்பத்தூர், ஆவடி நிலையங்களைக் கடந்து மேற்கே செல்லும் இருப்புப்பாதை, தோல்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூரையும் வாணியம்பாடியையும் சென்றடைகிறது. பச்சைத்தோல் விரைவில் அழுகும் இயல்புடையது. ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்தால், பட்டையின் துவர்ப்புப்பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை அழுகாமல் காக்கும். இத்தகைய தொழிலறிவை வழிவழியாகப் போற்றி வந்தோரைச் சமூகம் இழிவாக நடத்தியது. ஊர்த்தெருக்களில் செருப்பணிந்து நடக்கும் உரிமை ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பல ஊர்களில் மறுக்கப்பட்டது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டே அவர்கள் அத்தெருக்களைக் கடக்க வேண்டியிருந்தது. செருப்புத் தைத்த கைகளுக்கு உரியோரே அதனை அணிந்து நடக்க இயலாத கொடுமை அது.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955இல் இயற்றப்பட்ட சட்டம் அதனைக் கடைப்பிடிப்போர்க்குத் தண்டனை வகுத்தது. அதன் பின்னரும் சில ஊர்களில் அவ்வழக்கம் நீடித்தது. சட்டம் வழங்கிய உரிமையைத் தெருவில் நடந்தே மக்கள் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது.

அருங்காட்சியகம் அணியப்பட்ட காலணிகளைக் காட்டுகிறது. அணிய மறுக்கப்பட்ட கால்களைக் காட்டப் பேழை எதுவும் இல்லை. அவ்வரலாறு நம் முதியோரின் நினைவில் இருக்கிறது. முதன்முதலில் எந்த வயதில் செருப்பு அணிந்தீர்கள், எங்கெல்லாம் அதனைக் கழற்ற நேர்ந்தது என்று உங்கள் வீட்டு முதியோரிடம் கேளுங்கள். அவர்கள் கூறும் விடையை எழுதி வையுங்கள். ஏட்டில் ஏறாத வரலாற்றின் ஒரு பக்கத்தை நீங்கள் எழுதியவராவீர்கள்.