புளிக்கும்வரை குற்றமில்லை

திருவனந்தபுரத்தில் வீட்டிலேயே பீர் தயாரிக்க ஆசைப்படுபவர் முதலில் கற்க வேண்டியது, எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது என்பதைத்தான்.

நவம்பர் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தின் கிறிஸ்தவ வீடுகளில் பரண்மீது உறங்கும் பெரிய பீங்கான் ஜாடிகள் கீழே இறங்கும். சாலை பஜாரில் வாங்கிய கறுப்புத் திராட்சை, சர்க்கரையோடும் ஒரு பிடி கோதுமையோடும் உள்ளே போகும். ஜாடியின் வாயைத் துணியால் கட்டி இருட்டு மூலையில் வைத்துவிட்டால், சில வாரங்களில் கிறிஸ்துமஸ் கேக்குக்குத் துணையாக ஒயின் தயார். பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்த கைப்பக்குவம். இதில் குற்றம் இருப்பதாக யாரும் நினைத்ததில்லை.

2019 டிசம்பரில் அந்த நிம்மதி கலைந்தது. உரிமம் இல்லாமல் வீட்டில் ஒயின் தயாரிப்பது ஜாமீனில் வரமுடியாத குற்றம் என்று கேரளக் கலால் துறை சுற்றறிக்கை விட்டது. செய்முறையை வீடியோவாக இணையத்தில் போடுபவர்களையும் அது எச்சரித்தது. அதே மாதம் நகரின் கடலோரப் பகுதியான வேளியில் ஒரு வீட்டில் சோதனை நடந்து, இளைஞர் ஒருவர் கைதானார். தலைமுறை தலைமுறையாக வந்த ஒயினுக்கே இந்தக் கதி என்றால், வெளிநாடு போய்வந்த பழக்கத்தில் வீட்டில் பீர் தயாரிக்க நினைப்பவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

கொச்சி சமஸ்தானத்தில் கொல்லம் ஆண்டு 1077-ல், அதாவது 1901-02-ல் பிறந்தது அப்காரி சட்டம். பின்னர் 1967-ல் கேரளம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. சாராயம், கள், ஒயின், பீர் மட்டுமின்றி, ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் அதன் பார்வையில் மதுதான். குடிப்பதற்கா, விற்பதற்கா என்ற வேறுபாடு இல்லை. ஒரு லிட்டருக்கும் ஒரு பீப்பாய்க்கும் ஒரே பிரிவு: 55. பத்து ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். மது தயாரிக்கும் நோக்கத்தோடு பாத்திரமும் பொருட்களும் வைத்திருப்பதும் இதே பிரிவில் வருகிறது.

உலகில் பல இடங்களில் சட்டம் இவ்வளவு கறாராக இல்லை. வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவை என்ற விதியை பிரிட்டன் 1963-ல் கைவிட்டது. அமெரிக்காவில் 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், பெரியவர் ஒருவர் ஆண்டுக்கு 100 காலன், ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 200 காலன் என்று வரம்பு கட்டி, வரியில்லாமல் அனுமதித்தது. சொந்த உபயோகத்துக்கு அளவு வரம்போடு அனுமதிக்கும் நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. இந்த நாடுகளில் விற்பது வேறு, வடிப்பது வேறு. அவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது.

அப்படியானால் திருவனந்தபுரத்து ஆர்வலருக்கு வழியே இல்லையா? பாதி வழி இருக்கிறது. பீர் தயாரிப்பு இரண்டு கட்டமான வேலை. முதல் கட்டத்தில் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. இரண்டாம் கட்டத்தில் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. முதல் கட்டத்தின் முடிவில் கிடைப்பது வெறும் இனிப்பான மால்ட் சாறு. அதில் ஆல்கஹால் இல்லாததால் அப்காரி சட்டத்தின் வரையறைக்குள் அது வராது. தொழிலின் கைப்பக்குவத்தில் பெரும்பகுதி இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது என்பது கூடுதல் ஆறுதல்.

குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, கூழ் காய்ச்சிய எந்தத் தாய்க்கும் இந்த வேலையின் அரிச்சுவடி தெரியும். பார்லிக்கும் அதே முறைதான். மளிகைக் கடையில் கிடைக்கும் பளபளப்பான பார்லி தீட்டப்பட்டது, முளைக்காது. உமியோடு கூடிய தானியமாகத் தேடி வாங்க வேண்டும். இரண்டு நாள் அளவுக்கு ஊறவைத்து, இடையிடையே நீரை வடித்துக் காற்றாட விட்டு, பிறகு ஈரத்துணியில் பரப்பி நான்கைந்து நாள் முளைக்க விட வேண்டும். உமிக்குள்ளே வளரும் குருத்து தானியத்தின் நீளத்தை எட்டும்போது நிறுத்தி, இளஞ்சூட்டில் காயவைக்க வேண்டும். துலாவர்ஷம் எனப்படும் ஐப்பசி மழைக்காலத்தில் இதைத் தொடங்காமல் இருப்பது நல்லது. இந்த நகரின் ஈரக் காற்றில் தானியம் காய்வதற்குள் பூஞ்சை முந்திக்கொள்ளும். பூஞ்சை வாடை வந்த தானியத்தைக் கழுவிச் சரிசெய்யப் பார்க்காமல் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

காய்ந்த மால்ட்டை மாவாக அரைக்கக் கூடாது. ஒன்றிரண்டாக உடைத்தால் போதும். உமி சிதையாமல் இருந்தால்தான் அதுவே பிறகு வடிகட்டியாக உதவும். ஒரு கிலோ மால்ட்டுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். 72 டிகிரி செல்சியஸ் சூட்டில் தண்ணீரை ஊற்றிக் கலக்கினால் கலவை 66 டிகிரிக்கு வந்து நிற்கும். பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். இங்கே சமையல் வெப்பமானி இல்லாமல் கண்மதிப்பை நம்புவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. 75 டிகிரியைத் தாண்டினால் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் செத்துவிடும். 60-க்குக் கீழே போனால் வேலை மந்தமாகிவிடும்.

முடிந்ததா என்று அறிய மருந்துக்கடை அயோடின் போதும். ஒரு சொட்டுச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் சேர்த்தால், கருநீலமாக மாறினால் இன்னும் மாவுச்சத்து பாக்கி. நிறம் மாறாவிட்டால் வேலை முடிந்தது. சோதித்த சொட்டைப் பாத்திரத்தில் சேர்க்கக் கூடாது. பிறகு வடிகட்டி, நான்கு லிட்டர் வெந்நீரால் சக்கையை அலசி, எல்லாவற்றையும் சேர்த்துக் கொதிக்கவிட வேண்டும். இஞ்சியோ ஏலமோ தட்டிப் போட்டு, ஆறியதும் எலுமிச்சை பிழிந்தால் அருமையான மால்ட் பானம்.

எச்சரிக்கை தொடங்குவது இங்கேதான். இந்தச் சாற்றை அன்றே குடித்துவிட வேண்டும். இல்லையென்றால் குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டொரு நாளில் தீர்க்க வேண்டும். பகலில் 30 டிகிரியைத் தாண்டும் ஊரில் வெளியே வைத்தால், காற்றில் மிதக்கும் ஈஸ்ட் யாரும் அழைக்காமலே வந்து இறங்கும். காலையில் இனிக்கும் பதநீர் மாலைக்குள் கள்ளாவதும், கேரளத்தில் கள் ஊற்றிக் கரைத்த ஆப்பமாவு பொங்குவதும், நம் வீட்டு இட்லிமாவு நுரைப்பதும் நுண்ணுயிர்களின் வேலைதான். சாற்றில் நுரை தெரிந்த கணத்தில் பானம் மதுவாகிறது, செய்தவர் குற்றவாளியாகிறார்.

அனுமதி உள்ள நாடுகளில் வாழும் தமிழர்கள் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். கொதிக்கும்போது ஐந்து லிட்டருக்கு எட்டுப் பத்து கிராம் ஹாப்ஸ் பூ சேர்த்து ஒரு மணி நேரம் காய்ச்சுவார்கள். கசப்பும் மணமும் அதிலிருந்து வருகின்றன. 20 டிகிரிவரை விரைவாகக் குளிரவைத்து ஈஸ்ட் சேர்க்க வேண்டும். அதன்பின் சாற்றைத் தொடும் ஒவ்வொரு கரண்டியும் குழாயும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். கெட்டுப்போகும் பீரில் பெரும்பங்கு இந்த ஒரு அலட்சியத்தால் கெடுகிறது. சூடு 25 டிகிரிக்கு மேல் போனால் சாதாரண ஈஸ்ட் வார்னிஷ் வாடை வீசும் பீரைத் தரும். ஹைட்ரோமீட்டர் அளவு மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே புட்டியில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டாலும், அளவுக்கு மேல் சர்க்கரை போட்டாலும் புட்டி வெடித்துக் கண்ணாடிச் சில்லுகள் பறக்கும்.

அனுமதி எங்கே இருந்தாலும் வடிப்பு வேண்டாம். 2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் முப்பதுக்கும் மேற்பட்டோரையும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரையும் கொன்றது மெத்தனால் கலந்த சாராயம். ஒழுங்காகப் புளிக்கவைத்த பீரில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் 2020 மார்ச்சில் ஊரடங்கால் கேரளத்தின் மதுக்கடைகள் மூடப்பட்டபோது நடந்ததை மறக்க முடியாது. பல வீடுகளில் பிரஷர் குக்கரே வடிப்பானாக மாறியது. சாராய ஊறல் பறிமுதல் தினசரிச் செய்தியானது. புளிப்பதிலிருந்து வடிப்பதற்கு ஒரு குழாய் தூரம்தான் என்று கலால் துறை அஞ்சுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

அரசு கதவை முழுவதும் சாத்திவிடவும் இல்லை. பலாப்பழம், வாழை, அன்னாசி, முந்திரிப்பழம் போன்ற கேரள விளைபொருட்களிலிருந்து சிறு அளவில் ஒயின் தயாரிக்க 2022-ல் விதிகள் வந்தன. கேரள வேளாண் பல்கலைக்கழகமே ‘நிளா’ என்ற பெயரில் பழ ஒயின் தயாரித்தது. ஆனால் இந்தச் சலுகை உரிமம் எடுத்துத் தொழில் நடத்துபவருக்கு. அடுக்களையில் ஐந்து லிட்டர் போடுபவருக்கு அல்ல. தொழிலாகச் செய்ய நினைப்பவர் பானையை வைக்கும் முன் கலால் அலுவலகத்தில் விண்ணப்பம் வைப்பதே முறை.

மற்றவர்களுக்கு முளைகட்டிய தானியமும் வெப்பமானியும் இருக்கின்றன. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் வித்தை கைவந்துவிட்டால், அனுமதி கிடைக்கும் ஊருக்குப் போகிற அன்று மீதிப் பாதியைக் கற்றுக்கொள்ளலாம். அதுவரை இஞ்சி போட்ட மால்ட் பானம் போதும். அன்றைக்கே குடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.