சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள்

கிளை நூலக வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். விடுமுறை அறிவிப்போ, எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களுக்கு ஒரு வேண்டுகோளோ அதில் பல நாள் அழியாமல் இருக்கும். மாதத்தில் ஒருநாள் மட்டும் சாக்பீஸ் எழுத்து கொஞ்சம் அலங்காரமாகிவிடும்: 'வாசகர் வட்டக் கூட்டம், அனைவரும் வருக.' அன்று மாலை நாளிதழ் மேசை சுவரோரம் ஒதுங்கும். பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசைக்கு வரும். யார் வீட்டிலிருந்தோ பிளாஸ்க்கில் டீ வரும்.

தமிழ்நாட்டில் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. இவற்றுக்கான பணத்தில் நம் பங்கும் இருக்கிறது. சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் வசூலாகிறது. 2,000 ரூபாய் வரி கட்டுகிறவர், தெரிந்தோ தெரியாமலோ இன்னும் 200 ரூபாயை நூலகத்துக்கென்று கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறார். அந்தப் பணம் நூலக ஆணைக்குழுவுக்குப் போய் அலமாரியாகும், புத்தகமாகும், மின்கட்டணமாகும். ஆனால் ஒரு நாவலைப் பற்றி இரண்டு பேர் குரல் உயர்த்திச் சண்டை போடுவதற்கு எந்த வரியிலும் தலைப்பு கிடையாது. அந்த வேலையை எடுத்துச் செய்வதுதான் வாசகர் வட்டம்.

(இதே பெயரில் 1960களில் ஒரு பதிப்பகம் இருந்தது. விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தியின் மகள் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்தியது. அழகான புத்தகங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். அது வேறு, இது வேறு.)

அமைப்பு எளிமையானது. நூலக உறுப்பினர்களில் ஆர்வமுள்ள சிலர் சேர்ந்து, தங்களில் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், மருந்துக்கடைக்காரர், உள்ளூர்க் கவிஞர் என்று பல தரப்பட்டவர்கள் இருப்பார்கள். நூலகர் ஒருங்கிணைப்பார். சம்பளம் கிடையாது. மாலைக்கும் சால்வைக்கும்கூடப் பல இடங்களில் கைக்காசுதான்.

இவர்களால் என்ன கிடைக்கிறது? எளிய உதாரணம், நூல் அறிமுகம். அலமாரியில் ஆறேழு ஆண்டாக ஒரு புத்தகம் நிற்கிறது. கடைசிப் பக்கத்துத் தேதித் தாளில் ஒரு முத்திரைகூட விழவில்லை. வட்டத்தில் ஒருவர் அதை எடுத்துப் படித்துவிட்டு வந்து இருபது நிமிடம் பேசுகிறார். நன்றாகப் பேசியிருந்தால் கூட்டம் முடிந்ததும் இரண்டு பேர் அதைக் கேட்பார்கள், மூன்றாமவர் பெயரைக் குறித்துக்கொள்வார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு புத்தகமும் தனக்குரிய வாசகரைப் போய்ச் சேர வேண்டும் என்பது அவற்றில் மூன்றாவது. அட்டவணையும் பகுப்பெண்ணும் அதற்கு உதவும். என்றாலும், எழுந்து நின்று 'இதைப் படியுங்கள்' என்று சொல்லும் பக்கத்துத் தெருக்காரருக்கு இணையான பட்டியல் இன்னும் வரவில்லை.

சென்னை கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அரங்கு இருக்கிறது, ஊழியர்கள் இருக்கிறார்கள். 'பொன்மாலைப் பொழுது' என்ற பெயரில் எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் அழைத்துத் தானே பேச வைக்க அதனால் முடிகிறது. ஊர்ப்புற நூலகத்தில் கதவு திறப்பதும், பதிவேடு எழுதுவதும், மழை ஒழுகினால் புத்தகத்தை நகர்த்துவதும் ஒரே ஆள். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும், காகிதத்தில் கொக்கு மடிக்கக் கற்றுத்தரவும், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரத்தில் பள்ளிகளுக்குப் போய்ப் பேச்சுப்போட்டி நடத்தவும் அவருக்கு இன்னும் நாலு ஜோடிக் கைகள் வேண்டும். உறுப்பினர் சேர்ப்பதும், 1,000 ரூபாய் கொடுத்து நூலகப் புரவலராகும்படி கடைத்தெருவில் கேட்டுப் போவதும் அந்தக் கைகளின் வேலைதான். நூலகர் மாற்றலாகிப் போவார். ஊரில் யார் எந்த எழுத்தாளருக்கு உறவு, யார் வீட்டில் பழைய இதழ்க் கட்டு கிடக்கிறது என்பதெல்லாம் வட்டத்தின் நினைவில்தான் தங்கும்.

அரசு நூலகத்துக்கு ஒட்டுச்செடி மாதிரி பிறகு வந்ததல்ல இந்த ஆர்வலர் கூட்டம். உண்மையில் அதுதான் மூத்தது. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தொடங்கியது. ரங்கநாதன் அதன் செயலாளர். 1931இல் மன்னார்குடியிலிருந்து ஒரு மாட்டு வண்டி புத்தகங்களை ஏற்றிக்கொண்டு சுற்றுக் கிராமங்களுக்குப் போனது. இப்படி இருபது ஆண்டுகள் பேசியும் எழுதியும் நச்சரித்தும்தான், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த 1948இல், சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. இந்தியாவில் இத்தகைய சட்டங்களுக்கு அது முன்னோடி.

யாழ்ப்பாணத்தில் கதை இன்னும் தெளிவு. 1933இல் க.மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே புத்தகங்களை வைத்து இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு ஊர்ப் பெரியவர்கள் குழு அமைத்து ஒரு வாடகை அறைக்கு அதை மாற்றினார்கள். பிறகு பெரிய கட்டடம் வேண்டும் என்று வந்தபோது களியாட்ட விழா நடத்தினார்கள், கச்சேரி வைத்தார்கள், அதிர்ஷ்டச் சீட்டு விற்றார்கள். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார். 1959இல் நூலகம் திறந்தது. 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தத் துயரம் ஏன் ஒவ்வொரு வீட்டுத் துயரமாயிற்று என்பதற்கு, சீட்டு வாங்கிய கைகளையும் கச்சேரி கேட்ட காதுகளையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

எல்லா வட்டமும் உருண்டுகொண்டிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். சில பெயர்ப்பலகையோடு சரி. சில இடங்களில் தலைவர் பதவி ஆயுள் சந்தா ஆகிவிடுகிறது. அதே பதினைந்து முகங்கள், ஒருவருக்கொருவர் சால்வை, சொந்தச் செலவில் அச்சிட்ட கவிதைத் தொகுப்புக்கு ஒரு மணி நேரப் புகழுரை. கூட்டம் சமையல் நேரத்தில் நடந்தால் பெண்கள் எப்படி வருவார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை.

இன்னொரு சிக்கலைப் பலர் பேசுவதே இல்லை. இன்று நூலகத்தில் அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். கூட்டம் தொடங்கியதும் அவர்கள் வழிகாட்டி நூல்களைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுகிறார்கள். வாசிப்பு அறையும் கூட்ட அறையும் ஒன்றாக இருந்தால் வேறு வழியில்லை. கெட்டிக்கார வட்டம் இதற்கும் வழி காண்கிறது: கூட்டத்தை மரத்தடிக்கு மாற்றுகிறது. அல்லது வேலைக்குப் போன பழைய வாசகர் ஒருவரை அழைத்து, நேர்முகத் தேர்வைப் பற்றிப் பேச வைக்கிறது. திண்ணையில் இருந்தவர்கள் அன்று உள்ளே வருவார்கள். அடுத்த மாதம் சிறுகதைக்கும் அவர்களில் ஒருவர் வந்தால் அது லாபம்.

சேர விரும்புகிறவர் முதலில் நூலக உறுப்பினர் அட்டை வாங்க வேண்டும். பிறகு நூலகரிடம் கேட்டால் போதும், அவரே பெயரை எழுதிக்கொள்வார். உங்கள் நூலகத்தில் வட்டமே இல்லை என்றால் நாலு பேரைக் கூட்டிப் போய் அவரைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் போகாதீர்கள். கிளை நூலகத்துக்கு அன்று விடுமுறை.