அப்பாவின் வண்டி மீண்டும் ஓடுமா?

கோலார் தங்கவயலில் ஒரு லைன் வீடு. வாசல் ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதன் மேல் பழைய சாக்கு கிடக்கிறது. அது யெஸ்டி வண்டி. சுரங்கத்தில் வேலை செய்தபோது அப்பா வாங்கியது.

தங்கவயலில் 1880இல் பெரிய அளவில் சுரங்க வேலை தொடங்கியது. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்டது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. சம்பளம் நின்றது. சில ஆண்டுகளில் இந்த வண்டியும் நின்றது.

அப்பா இப்போது இல்லை. சுரங்கத் தூசி அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. மூச்சுத் திணறியே இறந்தார்.

மகன் பெங்களூரில் வேலை செய்கிறார். விடிவதற்கு முன்பே மாரிக்குப்பம் ரயிலைப் பிடிக்க வேண்டும். இருட்டில் வெகுதூரம் நடக்கிறார். இரவில் மீண்டும் அதே நடை. புது வண்டி வாங்கப் பணம் இல்லை. "அப்பா வண்டியை ஓட்டினால் என்ன?" என்று நினைத்தார். ஆனால் அவருக்கு வண்டி வேலை எதுவும் தெரியாது.

தெருமுனையில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். வயதானவர். மகன் அவரிடம் போனார்.

"அண்ணே, கிக்கரை மிதிச்சுப் பார்க்கட்டுமா?"

"மிதிக்காதே தம்பி. முதலில் ஆர்.சி. புத்தகத்தை எடு."

முதல் வேலை: காகிதம்

எல்லா வண்டிக்கும் இரண்டு எண்கள் உண்டு. ஒன்று என்ஜின் எண். மற்றொன்று சேசிஸ் எண். இரண்டும் வண்டியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஆர்.சி. புத்தகத்திலும் அதே எண்கள் இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் சிக்கல்தான். மகன் துருவைத் துடைத்தார். எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். சரியாக இருந்தன.

சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு 5 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25 தர வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதிப்பார்.

உரிமையாளர் இறந்துவிட்டால் என்ன செய்வது? 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். பலருக்கு இது தெரிவதில்லை. தாமதமானால் அபராதம் கட்ட நேரிடும். ஆனாலும் பெயரை மாற்றிக்கொள்வதே நல்லது.

கேஏ 08 என்பது தங்கவயல் அலுவலகத்தின் எண். படிவங்களை அங்கேயே கேட்டு வாங்கலாம். கட்டணத்தையும் அங்கேயே கேளுங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள்.

மைசூரில் பிறந்த வண்டி

யெஸ்டி நம் மாநிலத்து வண்டி. மைசூரில் ஐடியல் ஜாவா என்ற தொழிற்சாலை இருந்தது. 1961இல் அங்கு ஜாவா வண்டிகள் தயாராகத் தொடங்கின. ஜாவா என்பது செக் நாட்டு வண்டி. 1973 முதல் யெஸ்டி என்ற பெயரில் வண்டிகள் வந்தன. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனம் இந்தப் பெயர்களில் புது வண்டிகளை விற்கத் தொடங்கியது. அவற்றின் என்ஜின் வேறு. பழைய வண்டிக்கு அந்தச் சாமான்கள் பொருந்தாது. வாங்கும்போது கவனம் வேண்டும்.

பழைய யெஸ்டியில் ஒரு புதுமை உண்டு. கியர் லீவரும் கிக்கரும் ஒன்றே. லீவரை உள்ளே அழுத்திப் பின்பக்கம் திருப்பினால் அதுவே கிக்கர்.

ஏன் உடனே மிதிக்கக் கூடாது?

பல ஆண்டுகள் நின்ற என்ஜினுக்குள் எண்ணெய் காய்ந்திருக்கும். துருவும் பிடித்திருக்கலாம். பலமாக மிதித்தால் பிஸ்டனும் சிலிண்டரும் கீறிவிடும். பிறகு செலவு பல மடங்காகும்.

மெக்கானிக் பிளக்கைக் கழற்றினார். அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் என்ஜின் ஆயில் விட்டார். ஓர் இரவு அப்படியே விட்டார்கள். மறுநாள் கியரைப் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார்கள். பிஸ்டன் அசைந்தது. அசையாவிட்டால் பலம் காட்டக் கூடாது. மீண்டும் ஆயில் விட்டுக் காத்திருக்க வேண்டும்.

அடுத்தது பொறி. இந்த வண்டிக்குப் பேட்டரி இல்லாவிட்டால் பொறி வராது. புது பேட்டரி போட்டார்கள். பிளக்கை மூடியோடு சேர்த்து என்ஜின் மேல் வைத்தார்கள். பிளக்கின் இரும்பைக் கையால் தொடவில்லை. தொட்டால் ஷாக் அடிக்கும். கிக்கரை மிதித்ததும் நீல நிறத்தில் பொறி வந்தது. பக்கத்தில் பெட்ரோல் இல்லாதபோதுதான் இதைச் செய்ய வேண்டும்.

டேங்க்கும் கார்புரேட்டரும்

பழைய பெட்ரோல் கெட்டுப்போகும். பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதை வடித்துவிட வேண்டும். சாக்கடையில் கொட்டக் கூடாது.

இந்த வேலையை வெளியில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம். காலி டேங்க்கில்கூட பெட்ரோல் ஆவி இருக்கும். அதுவும் தீப்பிடிக்கும்.

டேங்க்குக்குள் துரு இருந்தது. கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு பிடி சிறிய நட்டுகளும் போட்டுக் குலுக்கினார்கள். துரு உதிர்ந்தது. நட்டுகளை எண்ணிப் போட்டார்கள். எண்ணியே வெளியே எடுத்தார்கள்.

கார்புரேட்டரில் ஜெட் என்ற சிறிய பித்தளைச் சாமான் இருக்கும். அதன் ஓட்டை அடைத்திருந்தால் காற்று ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தக் கூடாது. ஓட்டை பெரிதானால் பெட்ரோல் வீணாகும்.

இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பரைக் கெடுக்கும். அதனால் பெட்ரோல் குழாயையும் வாஷர்களையும் மாற்றினார்கள்.

ஆயில் அளவு முக்கியம்

யெஸ்டி டூ ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோலோடு ஆயில் கலக்க வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது வழக்கம். அப்படியானால் 3 லிட்டருக்கு எவ்வளவு? 120 மில்லி. ஆயில் குறைந்தால் என்ஜின் ஓடும்போதே இறுகிவிடும். பின் சக்கரம் நின்றுவிடும். ஓட்டுபவர் கீழே விழுவார். புல்லட் போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிக்கு இப்படிக் கலக்கக் கூடாது.

பிரேக்கும் தூசியும்

பிரேக் டிரம்மைத் திறந்ததும் உள்ளே கறுப்புத் தூசி. மகன் வாயால் ஊதப் போனார். மெக்கானிக் கையைப் பிடித்தார்.

"ஊதாதே தம்பி! உங்க அப்பாவுக்கு என்ன ஆச்சு?"

பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய்கூட வரலாம். சுரங்கத்தின் பாறைத் தூசியால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வந்தது. தங்கவயலில் பல வீடுகளுக்கு அது தெரியும். எனவே முகத்தை மூடிக்கொண்டு, ஈரத் துணியால் துடையுங்கள். அந்தத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

பிரேக் கட்டை, பிரேக் வயர், கிளட்ச் வயர் மூன்றையும் மாற்றினார்கள். டயர் பார்க்க நன்றாகவே இருந்தது. ஆனால் ஓரத்தில் வெடிப்பு. அதையும் மாற்றினார்கள். டயர் வாங்கும்போது பக்கத்தில் உள்ள 4 எண்களைப் பாருங்கள். 3524 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்தது. பழைய சரக்கு என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஓடத் தொடங்கியது

வண்டியை வாசலுக்கு வெளியே தள்ளினார்கள். வீட்டுக்குள் என்ஜினை ஓட விடக் கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும். பல முறை மிதித்த பிறகு என்ஜின் பிடித்தது. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும்.

முதலில் காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டினார்கள். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு டெம்போவில் ஏற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனார்கள். காகிதங்கள் கைக்கு வரச் சில வாரங்கள் ஆயின. அதுவரை வண்டி சாலைக்கு வரவில்லை.

இப்போது மகன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வண்டியில் போகிறார். காலையில் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்குகிறார்.

நினைவில் வையுங்கள்

ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் வேண்டும்.

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டி யார் மீதாவது மோதினால், இழப்பீட்டை நீங்களே கட்ட வேண்டும்.

பணம் குறைவாக இருந்தால் பெயிண்டைத் தள்ளிப்போடுங்கள். பிரேக்கையும் டயரையும் தள்ளிப்போடாதீர்கள்.

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டு வண்டியின் ஆர்.சி. யார் பெயரில் இருக்கிறது? அதன் பதிவு எந்த ஆண்டு முடிகிறது? இன்றே எடுத்துப் படித்துப் பாருங்கள்.