உம்மாவின் முகம் ஏன் இருண்டது?



ஹஜ்ஜுக்குப் புறப்படும் உம்மா வாசற்படியில் நிற்கிறார். வெள்ளை உடுப்பு, கையில் தஸ்பீஹ். அவருக்குப் பின்னால் முற்றமெங்கும் காலை வெயில். வீட்டினுள்ளே நின்றபடி மகள் ஒரு படம் எடுக்கிறாள். பிறகு பார்த்தால் முற்றத்துத் தென்னோலைகூடத் தெளிவாகத் தெரிகிறது. உம்மாவின் முகம் மட்டும் கரிய நிழலாக இருக்கிறது.

இது பல வீடுகளில் நடந்த கதை. எங்கள் வீட்டிலும் நடந்தது. உம்மா மௌத்தாகிவிட்ட பின், அந்தப் படத்தை யாரால் திரும்ப எடுக்க முடியும்? கமராவில் பழுது எதுவும் இருக்கவில்லை. வெளிச்சத்தை அளந்து கொடுக்க எங்களுக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. அந்த அளவைத்தான் 'எக்ஸ்போஷர்' என்கிறார்கள். கொஞ்சம் பொறுமை இருந்தால் நீங்களும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

இருட்டறையில் தொடங்கிய பாடம்

கி.பி. 965 அளவில் பஸராவில் பிறந்து, பின்னர் கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில் ஒளியைப் பற்றி ஆராய்ந்தார். இருட்டறையின் துவாரத்துக்கு எதிரே பல விளக்குகளை வைத்தார். ஒவ்வொரு விளக்கின் ஒளியும் உள்ளே தனித்தனியாக விழுந்தது. ஒன்றை மறைத்தால் அதன் ஒளி மட்டும் மறைந்தது. சூரிய கிரகணத்தின் பிறைவடிவம் சிறு துவாரத்தின் ஊடாகத் தெளிவாக விழுகிறது, துவாரம் பெரிதானால் அந்த வடிவம் தெரிவதில்லை என்பதையும் அவர் விளக்கினார். இன்றைய கமராவும் ஒரு சிறிய இருட்டறைதான்.

அடுப்பங்கரைக் கணக்கு

கடலை அவிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுப்பின் நெருப்பு, அவிக்கும் நேரம், கடலை ஊறிய அளவு ஆகிய மூன்றையும் பார்த்துத்தானே இறக்குகிறோம்? படத்துக்கும் மூன்று உண்டு.

லென்ஸின் துவாரம் நெருப்பைப் போன்றது. எஃப் 2.8, 4, 5.6, 8, 11, 16 என அதற்கு இலக்கங்கள் உண்டு. இலக்கம் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும். இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகக் குறையும்.

ஷட்டர் திறந்திருப்பது அவிக்கும் நேரம். 1/125 செக்கனை விட 1/60 செக்கனில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வெளிச்சம் சேரும். ஆனால் நேரம் நீண்டால் கை நடுங்கிப் படம் கலங்கும். ஓடும் பிள்ளையின் உருவமும் இழுபடும்.

ஐ.எஸ்.ஓ. இலக்கம் கடலை ஊறியதைப் போன்றது. 100 இலிருந்து 400 ஆக்கினால் கால்வாசி வெளிச்சமே போதும். ஆனால் அளவுக்கு மிஞ்சினால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். எஃப் 8 இல் 1/125 செக்கன் சரியென்றால், எஃப் 5.6 இல் 1/250 செக்கனும் சரியே. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 16, 1/125 செக்கன் என்று வைத்துத் தொடங்கலாம். இது பிலிம் காலத்திலிருந்து வரும் பழைய கணக்கு.

கமரா ஏமாறும் இடம்

கமராவுக்கு வெள்ளையும் தெரியாது, கறுப்பும் தெரியாது. தனக்கு முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது கணக்குப் போடும். அதனால் பெருநாள் வெள்ளை உடுப்பு அழுக்கேறியது போல மங்கும். கறுப்பு அபாயா வெளிறிப்போகும். உம்மாவின் படத்தில் நடந்ததும் இதுதான். பின்னாலிருந்த பெரிய வெயிலைக் கண்டு கமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது. அதில் முகம் இருண்டது.

வீட்டிலேயே ஒரு பயிற்சி

யன்னலோரம் ஒரு வெள்ளைத் தொப்பியை வைத்து, படம் முழுக்க அது நிறையும்படி தானியங்கி முறையில் எடுங்கள். அடுத்து அதே இடத்தில் மடித்த கறுப்பு அபாயாவை அப்படியே எடுங்கள். இரண்டும் சாம்பல் பக்கம் சாய்ந்திருப்பதைக் காண்பீர்கள். இப்போது கூட்டல், கழித்தல் அடையாளமுள்ள திருத்தத்தைத் தேடுங்கள். தொப்பிக்குக் கூட்டல் 1, பிறகு 2. அபாயாவுக்குக் கழித்தல் 1, பிறகு 2 என எடுத்து, எது கண்ணுக்குக் கண்டபடி இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். விளைவை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கைத்தொலைபேசி தானாகவே சில திருத்தங்களைச் செய்வதால் அதில் வித்தியாசம் சற்றுக் குறைவாகத் தெரியலாம்.

கைத்தொலைபேசியில் எடுக்கும்போது முகத்தின் மேல் விரலால் தொடுங்கள். பெரும்பாலான தொலைபேசிகளில் உடனே ஓர் அடையாளம் தோன்றும். அதை நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் வெள்ளை உடுப்பின் மடிப்புகள் மறையும் அளவுக்குக் கூட்டிவிடாதீர்கள். எரிந்துபோன வெள்ளையைப் பிறகு மீட்க முடியாது.

எல்லாவற்றிலும் இலகுவான வழி ஒன்று உண்டு. ஆளைத் திருப்பி நிறுத்துங்கள். வெளிச்சம் முதுகில் படாமல் முகத்தில் படட்டும். அன்று உம்மாவைப் பார்த்து, "உம்மா, கொஞ்சம் முற்றத்துப் பக்கம் திரும்பி நில்லுங்கோ" என்று சொல்லி, நாங்கள் முற்றத்தில் இறங்கி நின்றிருந்தால் போதும்.

ஒரு வார்த்தை, சகோதரிகளே. எவரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். எடுத்ததை அவர்களின் சம்மதமின்றிப் பிறருக்கு அனுப்பாதீர்கள். அது அமானிதம்.

இந்த வாரமே தொப்பியையும் அபாயாவையும் வைத்துப் பழகிப் பாருங்கள். அடுத்த பயணம் சொல்லும் நாளில் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இராது. உங்கள் உம்மா வாசலில் நிற்கும்போது, இன்ஷா அல்லாஹ், அவரின் முகம் தெளிவாக விழட்டும்.